என் கணவர் வாய் திறந்த ஞாயிற்றுக்கிழமை

எண்பதுகளின் தொடக்கம். நாங்கள் இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனையில் இருந்தோம். என் கணவர் நெசவுச் சாரன்களைக் கொழும்புக்குக் கொண்டுபோய் விற்று வருவார். போன இடத்தில் பழகிய குடி, அவரோடு பஸ் ஏறி ஊருக்கும் வந்துவிட்டது. எங்கள் முஸ்லிம் ஆட்களில் ஒருவர் குடித்தால் அதை நோய் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஹராம், மார்க்கம் விலக்கியது, என்ற ஒரு சொல்லோடு எல்லாம் முடிந்துவிடும். அதனால் முடிந்தவரை மறைத்தேன்.

ஒரு நாள் அவர் இரத்தமாக வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் வீட்டாருக்கு விஷயம் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பார், அங்கே என் வீட்டாரின் சொல்தான் செல்லும். என் மூத்த சகோதரர், நான் காக்கா என்று கூப்பிடுகிறவர், கட்டிலருகே நின்று ஒன்றுதான் சொன்னார்: “இன்னொருக்காக் குடிச்சா, பள்ளிவாசல்ல சொல்லித் தீர்த்துடுவன்.” தீர்ப்பது என்றால் எங்கள் கலியாணத்தை.

அந்த வார்டில் வேலை செய்த தாதி ஒருவர் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். “மருந்து மட்டும் காணாது தங்கச்சி. பாண்டிருப்பில ஞாயித்துக்கிழமை பின்னேரத்தில குடிய விட்டவங்க கூடிக் கதைக்கிறாங்க. இவரக் கூட்டிப் போங்க. நீங்களும் இரிக்கலாம்.”

பாண்டிருப்பு பக்கத்து ஊர்தான். ஆனால் அவர்கள் கூடியது ஒரு தேவாலயத்தின் பின்பக்கத்து மண்டபத்தில். எங்கள் ஆட்கள் யாராவது கண்டால்? பரியாரியிடம் மருந்தெடுக்கப் போகிறோம் என்று உம்மாவிடம் சொல்லிவிட்டு, முக்காட்டை முகம்வரை இழுத்துக்கொண்டு அவரோடு நடந்தேன். வழியில் ஒரு கள்ளுத் தவறணை. ஒவ்வொரு முறையும் அதை நெருங்கும்போதே அவர் நடை மெதுவாகும். அதைக் கடக்கும்வரை நான் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே நடப்பேன்.

மண்டபத்தில் பத்துப் பேரளவில் இருந்தார்கள். எல்லோரும் தமிழர்கள்; முஸ்லிம்கள் நாங்கள் இருவர்தான். பலர் கடலுக்குப் போகிறவர்கள், ஒருவர் கந்தோர் கிளார்க். பிரசங்கமோ ஜெபமோ கிடையாது. ஒருவர் எழுந்து தன் குடியைப் பற்றிச் சொல்வார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே கதைக்கக் கூடாது. என் கணவர் கதவோரக் கதிரையில் உட்கார்ந்திருப்பார். முறை வந்தால் தலையை ஆட்டி மறுத்துவிடுவார். சில கிழமைகள் அப்படியே போயின. ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் குடிக்கவும் இல்லை.

நாங்கள் மதம் மாறப்போகிறோம் என்று ஊரில் கதை கிளம்பியிருந்தது எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளார்க் கதைத்துக்கொண்டிருந்தபோது கதவு படாரென்று திறந்தது. காக்கா நின்றார். வேகமாகச் சைக்கிள் மிதித்து வந்ததில் சேர்ட் முழுக்க வேர்வை.

“எழும்புங்க ரெண்டு பேரும்! இஞ்ச என்ன வேல உங்களுக்கு?”

முஸ்லிம்களும் தமிழர்களுமாக இரண்டு ஊராரும் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கியிருந்த நேரம் அது. இங்கே ஒரு அடி விழுந்தால் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. என் கணவர் எழும்பினார். வெளியே போகப்போகிறார், எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். அவரோ கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நான் இண்டைக்குக் கதைக்கப் போறன்.”

காக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கடலுக்குப் போகிற ஒருவர் எழுந்து தன் கதிரையை அவர் பக்கம் நகர்த்திவிட்டார். “இரிங்க தம்பி. அவர் முடிக்கட்டும். பிறகு நீங்க எவ்வளவும் ஏசுங்க, ஒருத்தரும் தடுக்க மாட்டம்.”

காக்கா கதிரையில் உட்காரவில்லை. ஆனால் வாயை மூடினார்.

“நான் குடிகாரன்,” என்றார் என் கணவர். “போன பெருநாள் தொழுகைக்கும் குடிச்சிட்டுத்தான் போனன். வாசம் தெரியாம இரிக்க ஏலக்காயச் சப்பினன். ஸுஜூதில நெத்திய நிலத்தில வச்சவன் எழும்ப ஏலாமக் கிடந்தன். பக்கத்தில நிண்டவர் எனக்குச் சுகமில்லயாக்கும் எண்டு நினைச்சு, தொழுகைய விட்டுட்டு என்னத் தூக்கினார். வீட்ட கொண்டு வந்து படுக்க வச்சார். அவர் இந்த மச்சான்தான். நான் இண்டைவரைக்கும் அவருக்குச் சொல்லல்ல.”

காக்கா அடிப்பார் என்று பயந்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது அவர் அந்தக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடியும்வரை இருந்தார்.

திரும்பும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்களோடு நடந்தார். தவறணையைக் கடந்த பிறகுதான் என் கணவரிடம் பேசினார். “ஊருக்கு நான் சொல்லிக்கிறன். நீ அங்க போறத மட்டும் விட்டுடாத.”

சில மாதங்கள் கழித்து என் கணவர் ஒருமுறை சறுக்கினார். கல்முனைச் சந்தைக்குப் பின்னால் கிடந்தவரைச் சைக்கிளில் ஏற்றிவந்தது காக்காதான். பள்ளிவாசலுக்குச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு தானே மண்டபத்துக்குக் கூட்டிப்போய், முடியும்வரை வாசலில் நின்றார். அதன் பிறகு என் கணவர் கண்மூடி மௌத்தாகும்வரை குடியைத் தொடவில்லை. இடையில் கலவரத்தால் ஊர்களுக்கிடையே பாதை மூடிக்கிடந்த காலம் வந்தது, கூட்டமும் நின்றுபோனது. கதிரை நகர்த்தித் தந்தவர் என்ன ஆனார் என்று தெரியாது.

அவரைத் திருத்துவதற்காக நாங்கள் வீட்டில் அழுதோம், ஏசினோம், குர்ஆன்மீது சத்தியம் வாங்கினோம். ஒரு மனிதன் தன் கேவலத்தைச் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு கேட்பதும் ஒரு உதவிதான் என்பதை, பெயரும் தெரியாத அந்த ஆட்களிடம்தான் நான் கற்றுக்கொண்டேன்.