பூஜைக்கு முன்பே ஓட்டிப் பாருங்கள்

என்னுடைய பழைய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காருக்கு நான்கு கியர்தான். சென்னை போகும் ரோட்டில் கொஞ்சம் விரட்டினாலே எஞ்சின் அலறும். இருக்கிற கியர் பாக்ஸைப் பழுது பார்ப்பதா, வேறொரு காரின் ஐந்து கியர் பாக்ஸை மாட்டுவதா என்று மாதக்கணக்கில் குழம்பி, கடைசியில் ஐந்து கியருக்கே துணிந்தேன்.

"புது பாக்ஸுன்னா புது வண்டி மாதிரிதான். பூஜை போடாம ஸ்டீயரிங்க தொடாதபா" என்றாள் அக்கா. அதனால் மெக்கானிக் சேகரே காரைக் கோயில் வாசலுக்கு ஓட்டி வந்தான்.

சூடம் காட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்ததும் நான் அவசரமாக ஏறினேன். பழைய பழக்கத்தில் முதல் கியருக்குத் தள்ளி கிளட்சை விட்டேன். புதிய பாக்ஸில் அந்த இடம் ரிவர்ஸ். கார் பின்னால் உதறியது.

பின்சக்கரத்தருகே அக்கா குனிந்து, உருண்ட பழத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஹேண்ட் பிரேக்கை எடுக்க நான் மறந்திருந்ததால் கார் ஒரு சாண் நகர்ந்து நின்றுவிட்டது. அவள் முந்தானை மட்டும் சக்கரத்துக்கு அடியில்.

"ரிவர்ஸ் எங்க இருக்குதுன்னு கேக்க மாட்டியா? சொல்றதுக்குள்ள ஏறிக்கினியே. பழசையே மாட்டிடவா?" என்றான் சேகர்.

"வேணாம். இதையே ஓட்டிக் கத்துக்கிறேன்."

"கத்துக்கினு அப்பறமா கூப்புடு. சாமி எங்கயும் போவாது" என்றாள் அக்கா, சக்கரத்தடியிலிருந்து முந்தானையை இழுத்தபடி.

இப்போது வண்டியில் எதை மாற்றினாலும் ஊருக்கு வெளியே செவிலிமேட்டுப் பக்கம் காலி மனையில் ஓட்டிப் பழகிய பிறகுதான் பூஜை. வண்டியை எடுப்பதற்கு முன் காரைச் சுற்றி வருகிறேன். அக்கா எங்கே நிற்கிறாள் என்று பார்த்த பிறகே ஏறுகிறேன்.