ஒரே வீடியோவா, தனித்தனியா?

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு சாவு. கோதண்டம் அண்ணன். ராயபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் அவர் வீடு. ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயரானவர். ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. 'நல்ல சாவு' என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவர் மனைவி கஸ்தூரி அக்காவை யாரும் கேட்கவில்லை.

மாலையை வைத்துவிட்டு உட்காரப் போன என்னை ஷாமியானா ஓரத்தில் மடக்கினான் ஜீவா. திருவொற்றியூரில் வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறான். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. ஆனாலும் எனக்கு இன்னும் 'அவன்'தான்.

"அக்கா, நல்ல நேரத்துல வந்தீங்கோ. அண்ணனைப் பத்தி நாலு வரி எழுதிக் குடுங்க. வீடியோவுல போடணும்."

எங்கள் பக்கத்தில் இப்போது இது வழக்கமாகிவிட்டது. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய டிவி. அதில் இறந்தவரின் படங்கள், கீழே இரண்டு வரி, பின்னால் பாட்டு — எடுக்கிற வரைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். கல்யாண வீடியோ ஆறு மாதம் கழித்து வந்தாலும் யாரும் குடி முழுகிவிட்டதாக நினைப்பதில்லை. சாவு வீடியோ அப்படியில்லை. காலையில் சொன்னால் மதியத்துக்குள் வேண்டும். சாயங்காலம் ஆள் மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போய்விடுவாரே!

சரி, எழுத்தாளர் என்று நம்மையும் ஒருவன் மதித்துக் கேட்கிறான்... பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு யோசிக்க ஆரம்பித்தேன். முதல் வரி மனசில் வருவதற்குள் ஜீவா திரும்பி வந்தான். "வேணாங்க்கா. அதுவே எழுதிடுச்சு."

எது?

போனைக் காட்டினான். ஏ.ஐ. அசிஸ்டென்ட்! முன்பெல்லாம் இந்த மாதிரி வீடியோவுக்கு அவன் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் குந்தி, படங்களை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டி, நடுவில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ண, சாவு வீட்டிலிருந்து போன் மேல் போன் வர... பேஜாரான பிழைப்பு. இப்போது எல்லாமே பேச்சுதான். படங்கள் இணையத்தில் ஒரு ஃபோல்டரில் வந்து விழும். 'மூணு நிமிஷ வீடியோ, பழைய படம் முதல்ல, கடைசியில பூ தூவற மாதிரி' என்று போனிடம் சொன்னால் போதும். அது முகங்களைப் பார்த்துப் பிரித்து, வரிசைப்படுத்தி, வரிகள் எழுதி, எங்கேயோ இருக்கிற வாடகைக் கம்ப்யூட்டரில் வீடியோவைத் தயார் செய்து அனுப்பிவிடும். சந்தேகம் வந்தால் திருப்பிக் கேட்கும். நல்ல தமிழில், ஒரு பெண் குரலில்.

கோதண்டம் அண்ணனைப் பற்றி அது எழுதிய வரியைப் படித்தேன். 'சுமைகளை உயரத் தூக்கியவரே, இன்று எங்கள் நெஞ்சில் சுமையை இறக்கிவிட்டுப் போனீரே.' கிரேன் ஆபரேட்டர் என்று ஜீவா சொன்னதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மோசமில்லை. மோசமில்லை என்பதுதான் எரிச்சலாக இருந்தது.

எரிச்சலோடு தலையைத் திருப்பியபோதுதான் தெருமுனையைப் பார்த்தேன். டீக்கடைக்கு எதிரில், கொளுத்துகிற வெயிலில், இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருத்திக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். இன்னொருத்தி காலேஜ் படிக்கிற வயது. பெரியவள் கையில் ஒரு ரோஜா மாலை.

எனக்கு யாரென்று தெரியும். தெருவுக்கே தெரியும். மல்லிகாவும் அவள் மகளும். மாத்தூர்க்காரர்கள்.

கோதண்டம் அண்ணனுக்கு ரொம்ப வருஷமாக சனிக்கிழமைகளில் டபுள் டூட்டி. சாயங்காலம் கிளம்பினால் ஞாயிறு மதியம்தான் வருவார். அது ஹார்பர் டூட்டி இல்லை, மாத்தூர் டூட்டி என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கஸ்தூரி அக்காவுக்கும் தெரியும். ஆனால் யாராவது வந்து 'அண்ணன் இல்லையா?' என்று கேட்டால், 'டூட்டிக்குப் போய்க்கீறாரு' என்று கண் இமைக்காமல் சொல்வார். கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் போவார். ரிட்டயரான பிறகும் சனிக்கிழமை டூட்டி தொடர்ந்தது. அப்போதும் தலையாட்டினோம்!

இப்போது அந்த டூட்டி வாசலுக்கே வந்து நிற்கிறது.

ஏன் உள்ளே வரவில்லை? கோதண்டம் அண்ணனின் மகன் சேகர்தான் காரணம். மணலி பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவன். அப்பாவைப் போலவே வாட்டசாட்டம். காலையில் உறவுக்காரர் ஒருவர் மெதுவாகப் பேச்செடுத்தாராம், கடைசியாக ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று. சேகர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். "அவங்க இந்தப் பந்தல்ல கால் வெச்சா, நான் கொள்ளி வெக்க மாட்டேன்."

மகன் இப்படிச் சொன்ன பிறகு யார் வாயைத் திறப்பார்கள்? நாலு மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் மல்லிகா உள்ளே வந்தால் உண்டு. இல்லையென்றால் டீக்கடை ஓரத்திலிருந்து பூப்பல்லக்கின் பின்பக்கத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏற வேண்டியதுதான். நானும் வாயைத் திறக்கவில்லை. கஸ்தூரி அக்கா தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும்போது, அவர் சார்பில் பெருந்தன்மை காட்ட நான் யார்?

இதற்கு நடுவில் ஜீவாவின் ஃபோல்டரில் ஒரு காரியம் நடந்திருக்கிறது.

'கோதண்டம் ஐயா படம் வைத்திருப்பவர்கள் இந்த லிங்கில் போடவும்' என்று காலையில் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் தட்டிவிட்டிருந்தான். எங்கள் ஆட்களுக்கு ஒரு மெசேஜ் வந்தால் கை சும்மா இருக்குமா? ஹார்பர் ரிட்டயரானவர்கள் குரூப், பஜனை குரூப், அங்கிருந்து எங்கெங்கோ... யாரோ ஒரு புண்ணியவான் மாத்தூருக்கும் ஃபார்வர்ட் செய்துவிட்டார். மல்லிகாவின் மகள் தங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள், பாவம். வீட்டில் இருந்த படங்களையெல்லாம் பார்த்துப் பார்த்து அனுப்பியிருக்கிறாள்.

ஜீவா அதைப் பார்க்கவில்லை. அவன்தான் இப்போது படங்களையே பார்ப்பதில்லையே, எல்லாம் 'அது' பார்த்துக்கொள்கிறதே!

மதியம் இருக்கும். மேளக்காரர்கள் டீ குடிக்க ஒதுங்கியிருந்தார்கள். அழுத பெண்களும் களைத்துப் போய் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க ஜீவா தன் போனை ஷாமியானா ஸ்பீக்கரோடு இணைத்திருந்தான். சோதித்துப் பார்த்தவன் துண்டிக்க மறந்துவிட்டான். அப்படியே போனைத் தூக்கி, "முடிஞ்சுதா, வீடியோ ரெடியா?" என்று கேட்டான்.

பதில் ஸ்பீக்கரில் வந்தது. பந்தல் முழுக்க, கணீரென்று.

"மன்னிக்கவும், ஒரு விளக்கம் தேவை. படங்களில் கோதண்டம் அவர்கள் இரண்டு குடும்பங்களுடன் இருக்கிறார். இரண்டையும் ஒரே வீடியோவில் சேர்க்கலாமா, அல்லது தனித்தனி வீடியோக்களாகத் தயாரிக்கட்டுமா?"

ஜீவாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். போனை ஆஃப் செய்யப் போய்க் கீழே போட்டுவிட்டான். குனிந்து எடுப்பதற்குள் அந்தப் புண்ணியவதி மறுபடியும் கேட்டாள். "ஒரே வீடியோவா, தனித்தனியா?"

யாரும் யாரையும் பார்க்கவில்லை. விசிறிக்கொண்டிருந்தவர்கள் விசிறியை நிறுத்திவிட்டார்கள். ஐஸ் பெட்டியின் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது. சேகர் சேரிலிருந்து எழுந்தான். ஜீவாவை அடிக்கத்தான் போகிறான் என்று நினைத்தேன்.

அப்போது தலைமாட்டிலிருந்து கஸ்தூரி அக்கா குரல் வந்தது. அழுது அழுது கட்டிப்போன குரல்.

"இன்னா நைனா கேக்குது அது?"

ஜீவா எதையோ சொல்லி மழுப்பினான். மெஷின் தப்பா ஏதோ உளறுது, நான் சரி பண்ணிடறேன் என்றான்.

"தப்பா ஒண்ணும் கேக்கலியே..." என்றார் அக்கா. ஐஸ் பெட்டியின் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். உள்ளே இருக்கிற முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒரே ஆளுதானபா போறாரு. ஒரே வீடியோவா போடச் சொல்லு."

பிறகு தெருமுனைப் பக்கம் திரும்பாமலேயே சொன்னார். "அதுங்க காலைலேர்ந்து வெயில்ல நின்னுகினு கீதுங்க. உள்ள வரச் சொல்லு, சேகரு."

சேகர் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு விடுவிடுவென்று வெளியே போனான். போச்சு, வீட்டை விட்டே போகிறான் என்று நானும் எழுந்துவிட்டேன். தெருமுனை வரை போனவன் மல்லிகா முன்னால் நின்று ஏதோ சொன்னான். இங்கிருந்து கேட்கவில்லை. திரும்பி நடந்தான், யார் முகத்தையும் பார்க்காமல். பின்னாலேயே இரண்டு பேரும் வந்தார்கள்.

மல்லிகா மாலையை வைத்துவிட்டுக் கால்மாட்டில் உட்காரப் போனாள். கஸ்தூரி அக்கா கொஞ்சம் நகர்ந்து தலைமாட்டில் இடம் விட்டார். மல்லிகா அங்கே உட்கார்ந்து, அதன் பிறகுதான் வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன்.

வீடியோ சீக்கிரமே ஓட ஆரம்பித்தது. கிரேன் கேபினில் இளவயது கோதண்டம். கஸ்தூரி அக்காவோடு கல்யாண போட்டோ. குழந்தை சேகரைத் தோளில் தூக்கிக்கொண்டு மெரினாவில். நடுவே, மாத்தூர் வீட்டு மொட்டை மாடியில் ஒரு சின்னப் பெண்ணுக்குத் தலை பின்னிவிடுகிற கோதண்டம். எங்கள் தெருவில் யாருமே பார்த்திராத கோதண்டம் அது! இன்னொரு படத்தில் நீலக் கட்டம் போட்ட சட்டையில் வாய் கொள்ளாத சிரிப்பு.

சேகர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தான். "நான் மொத சம்பளத்துல எடுத்துக் குடுத்த சட்டை ஆன்ட்டி" என்றான். "இங்க ஒரு நாள்கூடப் போட்டதில்ல. எங்கயோ தொலைஞ்சு போச்சுன்னாரு."

என்ன சொல்வது? மகன் எடுத்துக் கொடுத்த சட்டையைப் பெருமையாகப் போட்டுக்கொண்டு போனார் என்று சொல்லலாம். இந்த வீட்டில் சிரிக்காத சிரிப்பை அங்கே போய்ச் சிரித்தார் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மைதான். கோதண்டம் அண்ணனை நான் நியாயப்படுத்த வரவில்லை. இரண்டு பெண்களைக் காக்க வைத்த மனிதர் அவர். அவர் போன நாளில்கூட ஒருத்தி வெயிலில்தானே நின்றாள்? சேகரின் தோளைத் தட்டிக் கொடுத்தேன். சாயங்காலம் அவன்தான் கொள்ளி வைத்தான்.

இரண்டு நாள் கழித்து ஜீவா வந்து புலம்பினான். மானமே போச்சுக்கா, இனிமேல் குடும்ப விஷயம் எதையும் கேட்கக் கூடாது என்று அசிஸ்டென்டுக்குக் கட்டளை போடப் போகிறேன் என்றான்.

எனக்கு வேறு ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. அவன் காதில் இயர்போன் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சட்டென்று 'தனித்தனியா போடு' என்று சொல்லியிருப்பான். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மெஷினுக்கு என்ன சிரமம்? ராயபுரத்துக்கு ஒரு வீடியோ, மாத்தூருக்கு ஒரு வீடியோ. இரண்டு வீட்டிலும் சந்தோஷமாகப் பார்த்திருப்பார்கள். இரண்டிலும் பாதி கோதண்டம்தான் இருந்திருப்பார்.

தெருவே இத்தனை வருஷம் கேட்காத கேள்வியை அது கேட்டுவிட்டது. நாம் ஏன் கேட்கவில்லை? நாகரிகம் என்று சொல்லிக்கொண்டோம். கஸ்தூரி அக்காவிடம் பதில் இருந்திருக்கிறது — எத்தனை வருஷமாகவோ தெரியாது. அந்த மெஷினுக்குக் கூச்சம் தெரியாது, அதனால் கேட்டது. அறிவென்று நான் இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் மல்லிகா உள்ளே வந்தாளே!

ஜீவாவிடம், "அது கேட்கட்டும்ப்பா. ஆனா ஸ்பீக்கரைக் கழட்டிட்டுக் கேட்கச் சொல்லு. எல்லா வீட்டிலயும் கஸ்தூரி அக்கா இருக்க மாட்டாங்க" என்றேன்.

காரியமெல்லாம் முடிந்து, இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கஸ்தூரி அக்காவை எட்டிப் பார்க்கப் போனேன். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பின்கட்டில் யாரோ மீன் ஆய்கிற சத்தம். எட்டிப் பார்த்தால் மல்லிகா! என்னைப் பார்த்ததும் கூச்சமாகச் சிரித்தாள். அக்கா காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, சங்கரா மீன் குழம்புக்குப் புளி கம்மியாகப் போடச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார்.

நான் கேட்காமலேயே அக்கா சொன்னார். "சனிக்கெழம ஆனா வந்துடுது. வேணாம்னாலும் கேக்கறதில்ல. மாத்தூர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி வருது."

தலையாட்டிவிட்டு வந்தேன். சனிக்கிழமை டூட்டி நிற்கவில்லை... ரூட்தான் மாறியிருக்கிறது.