இருபத்திரண்டு தூக்குவாளிகள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேர் அம்மாவின் கேழ்வரகுப் புட்டைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். மீதிப் பேர் அதன் பெருமையைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள். ஆகவே அதன் ருசியைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. முதலாம் ஆண்டு நினைவுக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று முடிவானபோது தங்கை என்னிடம், "நல்லதா நாலு வார்த்தை எழுதுக்கா. பழசெல்லாம் கிளறாத" என்றாள். அவள் பேச்சைக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

அம்மா பிறந்தது கிளியனூர் பக்கம், வேர்க்கடலை பயிரிட்ட குடும்பத்தில். மூன்றாம் வகுப்புவரை படித்தார். கல்யாணமாகி மரக்காணம் வந்தபோதுதான் உப்பளத்தை முதன்முதலாகப் பார்த்தாராம். தண்ணீரைக் காயவைத்தே பிழைக்கிறார்களே, இவர்களை நம்பி எப்படிக் குடும்பம் நடத்துவது என்று பயந்ததாக எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். அப்பா அளத்தில் உப்பு வாரியவர். வெயிலில் உப்பின் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து அவர் கண் மங்கியது. எனக்கு ஏழு வயதானபோது அவரால் அளத்துக்குப் போக முடியவில்லை. அந்த மாதமே அம்மா புட்டுக்கூடையைத் தலையில் வைத்தார்.

அது எழுபதுகளின் தொடக்கம். தின்பண்டம் எல்லாம் வீட்டு வாசலுக்கே வந்த காலம். பாண்டிச்சேரியிலிருந்து ரொட்டிக்காரர் தகரப்பெட்டி கட்டிய சைக்கிளில் வருவார். அவருடைய ரப்பர் ஹாரன் சத்தத்துக்கு நாய்களும் எழுந்துவரும். தயிர்க்கார அம்மா உழக்கை நிரப்பிவிட்டு, கேட்காமலே மேலே ஒரு கரண்டி ஊற்றுவார். ஜவ்வு மிட்டாய்க்காரர் எங்கள் மணிக்கட்டில் மிட்டாயால் வாட்ச் கட்டிவிடுவார். தங்கை அதை நக்கி நக்கியே மணி பார்ப்பாள். இன்று என் மகன் போனைத் தடவினால் பிரியாணி வருகிறது. கொண்டுவருபவரின் பெயர்கூடப் போனில் தெரிகிறது. ஆனால் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பல் முளைக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.

எங்கள் தெருவில் ஆணும் பெண்ணுமாக விடிவதற்கு முன்பே அளத்துக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும். வாசல் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, அதில் காலித் தூக்குவாளியை மாட்டிவிட்டுப் போவது வழக்கம். அம்மா ஓசைப்படாமல் வந்து புட்டை நிரப்பி, மூடி, மறுபடி மாட்டுவார். பிள்ளைகள் எழுந்ததும் எடுத்துத் தின்னும். நாய்க்கு எட்டக்கூடாது, பிள்ளைக்கு எட்டவேண்டும் என்பது கணக்கு. ஆணியின் உயரத்தைப் பார்த்தே அந்த வீட்டில் மூத்த பிள்ளை எத்தனை உயரம் என்று அம்மா சொல்லிவிடுவார். இப்படி இருபத்திரண்டு வீடுகள். எங்களுக்குக் கூடையில் மிஞ்சியதுதான், அதுவும் அவர் திரும்பி வந்த பிறகுதான்.

எனக்குப் பதினோரு வயது. ஒருநாள் சாயங்காலம், மாவு மில்லில் அரைத்த கேழ்வரகு மாவை வண்டிக்கார மாமா தன் மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். மாவுப் பையைத் தகர டின்னில் கொட்டியது நான். பையின் ஒரு பக்கம் நனைந்திருந்தது.

உள்ளூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் கரையில் எல்லாமே நனைந்துதான் இருக்கும். உப்புக்காற்றில் சர்க்கரை கசியும், தீப்பெட்டி நமுத்துப்போகும், காயவைத்த சாக்கு மறுநாள் ஈரமாக இருக்கும். ஈரமான பையைப் பார்த்து எங்கள் ஊரில் யாரும் திடுக்கிட்டதில்லை. ஒரு வாடை வந்தது, பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்ததுபோல. வண்டி வாடை என்று நினைத்தேன். கட்டிகளைக் கையால் உதிர்த்து, சலித்து, நல்ல மாவோடு கலந்துவிட்டேன்.

"மாவு கொட்டிட்டியா?" என்று அம்மா வந்து கேட்டார்.

"கொட்டி சலிச்சிட்டேன்மா."

மறுநாள் விடியற்காலையில் மாவைப் பிசிறிக் கொடுத்ததும் நான்தான். அம்மாவுக்கு அன்று கடுமையான சளி. வெல்லமும் ஏலக்காயும் தேங்காயும் சேர்ந்த ஆவியில் வேறு வாடை எனக்கும் தெரியவில்லை. அம்மா கூடையோடு போய், இருபத்திரண்டு வீட்டுக்கும் போட்டுவிட்டுத் திரும்பினார். மிச்சத்தைத் தட்டில் வைத்துத் தங்கையிடம் நீட்டினார். அப்போதுதான் வண்டிக்கார மாமா ஓடிவந்தார்.

"அக்கா, அந்த மாவ எடுத்துட்டீங்களா?"

"போட்டுட்டே வந்துட்டேன். ஏம்பா?"

"வண்டில பூச்சி மருந்து பாட்டில் இருந்துச்சி. கடலைக்கு அடிக்கறது. மூடி ஒடைஞ்சி பாதிக்கு மேல காணோம். இப்பதான் பாக்கறேன். ஒங்க பை பக்கத்துலதான் இருந்துச்சி. பை நனைஞ்சிருந்துதா?"

அம்மா தங்கையின் கையிலிருந்த தட்டைத் தட்டிவிட்டார். தட்டு அடுப்படிவரை உருண்டது. அவள் இன்னும் வாயில் வைக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"பை நனைஞ்சிருந்துதாடி?"

"இல்லம்மா" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இத்தனை வருடம் யோசித்துவிட்டேன். பயம், அவ்வளவுதான். நனைந்திருந்தது என்று சொன்னால் உலகமே என் தலையில் விழும் என்று இருந்தது. இல்லை என்றால் எதுவும் நடந்திருக்காது என்று ஒரு கணம் நானே நம்பினேன். வண்டிக்கார மாமா பெருமூச்சு விட்டு, "அப்ப சரி, தெய்வம் காப்பாத்துச்சி" என்றார். அம்மா என் பொய்யை நம்பியிருந்தால் நானும் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்து, மூக்கை அழுத்திச் சிந்திவிட்டு, விரல்களை முகர்ந்து பார்த்தார். என்னைத் திட்டவில்லை. "சோப்பு போட்டு கழுவு. முழங்கை வரைக்கும் கழுவு. கழுவிட்டு கடலோரத்து அஞ்சு வீட்டுக்கு ஓடு" என்றார். மாமாவிடம், "ஆணி தாழ இருக்கற வீட்டுக்கு மொதல்ல போங்க. அதுங்க தானா எடுத்துத் துன்னும்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

அப்பா அதிகம் பேசாத மனிதர். கண்ணும் சரியாகத் தெரியாது. அவர் தெருநடுவில் நின்றுகொண்டு, "புட்டைத் துன்னாதீங்க, யாரும் புட்டைத் துன்னாதீங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். அந்தக் குரலை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

கடலோரத்து ஐந்து வீடுகளில் நான்கில் தூக்குவாளி யாரும் தொடாமல் அப்படியே இருந்தது. ஐந்தாவதில் ஒரு பையன் ஒரு வாய் போட்டு, கசக்கிறது என்று துப்பியிருந்தான். அவனுக்கு உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைத்தேன். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. எனக்கும் தலை சுற்றியது. யாரிடமும் சொல்லவில்லை. கோழி கிளறாதபடி புட்டையெல்லாம் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினோம். வண்டிக்கார மாமா எண்ணினார். இருபத்தொன்று.

இருபத்திரண்டாவது, அளத்துக்குப் போகும் பாதையில் இருந்த கடைசி வீடு. தனியாக இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்த ஓர் அக்காவின் வீடு. மூத்தவளுக்கு ஆறு, சின்னவளுக்கு மூன்று வயது. கதவு சாத்தியிருந்தது. ஆணியில் தூக்குவாளி இல்லை. பிள்ளைகளும் இல்லை.

"எங்க போச்சுங்க?" என்று அம்மா பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கேட்டார்.

"அதுங்க தெனம் அம்மாகிட்ட எடுத்துட்டுப் போவும். மூணும் ஒண்ணா துன்னும். ஒனக்குத் தெரியாதா?"

அம்மாவுக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கென்று வாங்கிய ஒரு பங்கில் தாயும் பசியாறுகிறாள் என்பது, எல்லா வீட்டையும் அறிந்த அம்மாவுக்குத் தெரியாமல் இருந்த ஒரே விஷயம்.

அளத்து வரப்பில் ஏறிப் பார்த்தபோது பிள்ளைகள் தெரிந்தன. வெகு தூரத்தில், மூத்தவள் தலையில் தூக்குவாளி. சின்னவள் பின்னால். அம்மா கூப்பிட்டார். கடற்காற்று எதிரே அடித்தது. குரல் எங்களைத் தாண்டிப் போகவில்லை. வரப்பு வளைந்து வளைந்து போகும். அதில் ஓடினால் சுற்றிக்கொண்டுதான் போய்ச் சேர வேண்டும். அதற்குள் அந்த அக்கா பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, வாய்க்காலில் கை கழுவக் குனிந்தார்.

உப்புப் பூத்த பாத்தியில் கால் வைக்கக்கூடாது. எங்கள் ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் இது தெரியும். கால் பட்டால் அடியிலிருக்கும் களிமண் கலங்கி, மொத்த உப்பும் கறுத்துப்போகும். அத்தனை நாள் உழைப்பும் வீண். அம்மா வரப்பிலிருந்து பாத்திக்குள் இறங்கி நேராக ஓடினார். ஒன்று, இரண்டு, ஐந்து என்று பாத்திகளை மிதித்துக் கடந்தார். வாருபலகையோடு நின்ற ஆட்கள் திகைத்துப் போனார்கள். மேஸ்திரி, "ஏம்மா, பைத்தியமா புடிச்சிருக்கு?" என்று கத்தினார். அம்மாவின் பாதங்களை உப்புப் பாளம் கிழித்தது. நான் பின்னாலேயே அவர் மிதித்த கலங்கலில் ஓடினேன். அங்கங்கே சிவப்பாக இருந்தது.

அந்த அக்கா முதல் கவளத்தை எடுத்துவிட்டார். அம்மா போய் அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"துன்னீங்களா? யாராச்சும் துன்னீங்களா?"

மூத்தவள் தலையாட்டினாள். "நான் துன்னல. பாப்பாதான் வழியில அழுவுதுன்னு ரெண்டு வாய் குடுத்தேன்."

சின்னவள் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். வாயில் எச்சில் வழிந்தபடியே இருந்தது. துடைக்கத் துடைக்க வந்தது.

உப்பு ஏற்ற நின்ற லாரி ஒன்றே அன்று அங்கே இருந்த வண்டி. பாதி மூட்டைதான் ஏறியிருந்தது. மேஸ்திரிதான் டிரைவரிடம், "மூட்டை கெடக்கட்டும்பா, நீ போ" என்றார், சற்றுமுன் கத்திய அதே வாயால். தாயும் குழந்தையும் அம்மாவும் ஏறினார்கள். லாரி நேராகப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனது. மூன்றாம் நாள் திரும்பி வந்தார்கள். குழந்தை அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்திருந்தது.

கேட்டவர்களிடமெல்லாம் அம்மா ஒரே பதிலைத்தான் சொன்னார். "எனக்குத்தான் சளி. நான்தான் வாடை பாக்கல." என் பெயர் அதில் வரவேயில்லை. அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. பத்து நாள் அடுப்பு எரியவில்லை. இனி யாரும் என் கையால் வாங்கமாட்டார்கள் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். மூடிக்கொள்வேன்.

பதினோராம் நாள் காலையில் கதவைத் திறந்தால், எங்கள் வாசல் ஆணியில் ஒரு தூக்குவாளி மாட்டியிருந்தது. நசுங்கிய மூடி. அந்தக் கடைசி வீட்டுத் தூக்குவாளி. அளத்துக்குப் போகிற வழியில் அந்த அக்கா மாட்டிவிட்டுப் போயிருந்தார். அம்மா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு எழுந்து அடுப்பை மூட்டினார். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு இரண்டு பங்கு போனது. மாவில் என்னைக் கை வைக்கவிடவில்லை என்று நினைக்காதீர்கள். அன்றும் நான்தான் பிசிறினேன். அதற்கு முன் என் கையை எடுத்து முகர்ந்து பார்த்தார், அவ்வளவுதான்.

அதன்பின் அம்மா பல வருடம் கூடை சுமந்தார். எங்களைப் படிக்கவைத்தார், கல்யாணம் செய்துவைத்தார், அப்பாவைக் கடைசிவரை கைபிடித்து நடத்தினார். அவை உங்களுக்குத் தெரிந்த கதைகள். கடைசி ஆறு மாதம் அம்மாவுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. தங்கையைச் சில நாள் அடையாளம் தெரியாது. ஆனால் நான் சோறு ஊட்டப் போனால், ஒவ்வொரு வேளையும் என் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோவார். முகர்ந்துவிட்டு, "கழுவிட்டியா?" என்பார். கழுவிட்டேம்மா என்றால்தான் வாயைத் திறப்பார்.

இதைத்தான் கிளறாதே என்று தங்கை சொன்னாள். அவளுக்கு முழுதும் தெரியாது. இந்த மலரில்தான் படிக்கப்போகிறாள்.

நன்றி சொல்லி முடிக்க வேண்டும். அம்மாவின் நோயில் மாறி மாறிக் கண்விழித்த உறவினர்களுக்கும், காரியங்களுக்குத் தோள் கொடுத்த தெருவாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தன் தவறை மறைக்காமல் ஓடிவந்த வண்டிக்கார மாமாவுக்கும், மூட்டையை விட்டுவிட்டுப் போன லாரி டிரைவருக்கும், கலங்கிய பாத்திகளைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தையும் கேட்காத மேஸ்திரிக்கும் அம்மா சார்பில் நன்றி. அவர்களில் யாரும் இன்று இல்லை. பதினோராம் நாள் தூக்குவாளியை மாட்டிய அக்கா இருக்கிறார். அவருடைய சின்ன மகள், பதினாறாம் நாள் காரியத்தில் எங்களைவிட அதிகமாக அழுதவர், இந்த மலரை அவருக்கு வாசித்துக்காட்டுவார். அக்கா, அன்று பை நனைந்திருந்தது. எனக்குத் தெரிந்திருந்தது. இல்லை என்று நான்தான் சொன்னேன்.

அம்மா, கழுவிட்டேன்.

இப்படிக்கு,
மூத்த மகள்