காப்புக் கட்டிய வாரம்

பன்னீர் திராட்சைப் பந்தலுக்கு அடியில் அக்காவோடு வேலை செய்த காலைகள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. சின்னமனூர்ப் பக்கம் எங்கள் தோட்டம். அவள் கத்தரியால் கொத்து வெட்டித் தள்ளுகிற வேகத்துக்கு என்னால் கூடை தூக்க முடியாது. "ஏலே, தூங்குறியா?" என்று பந்தல் அதிரக் கத்துவாள். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

அந்தக் கைதான் வீங்கியது. விரல் மூட்டெல்லாம் வீக்கம். கத்தரியைப் பிடிக்க முடியவில்லை. டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். கொஞ்ச காலத்துக்குத்தான், திரும்ப வந்து காட்டுங்கள், குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார். வலி போன பிறகு யார் போய்க் காட்டுவது? காலி மாத்திரை அட்டையை நீட்டினால் மருந்துக்கடைக்காரன் புது அட்டை கொடுத்தான். வருஷம் முழுக்கக் கொடுத்தான். சீட்டு எங்கே என்று கேட்கவே இல்லை. அவனை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அக்கா முகம் உப்பியது. "நல்லாத் தேறிட்ட ஆத்தா" என்று ஊரே மெச்சியது. மருந்தால் ஊதிய முகம் அது. எவருக்கும் தெரியவில்லை.

அம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுக்கக் காப்புக் கட்டினாள். கையில் காப்பு ஏறினால் எங்கள் வீடுகளில் மாத்திரை தொடமாட்டார்கள்.

"கை வலிக்குமேக்கா?"

"போடா, ஆத்தாளுக்குத் தெரியாத வலியா?" என்று சிரித்தாள்.

சில நாளில் வாந்தி எடுத்தாள். எழுந்தால் கண் இருட்டியது. விரதம், வெயில் என்றார்கள். அருள் இறங்கப் போகிறது என்றாள் ஒருத்தி. மஞ்சள் சேலையோடு அடுப்படியில் விழுந்தாள் அக்கா. உடம்பு சில்லிட்டிருந்தது. தேனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"என்ன மாத்திரை சாப்ட்டாக? திடீர்னு நிறுத்திட்டாகளா?" என்று கேட்ட டாக்டரம்மா, நாங்கள் ஆமென்றதும் உடனே ஊசி போட்டார். வெளியிலிருந்து மருந்து வந்துகொண்டே இருந்ததால் உடம்பு தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரப்பதைக் குறைத்துவிட்டதாம். பட்டென்று நிறுத்தினால் உயிரே போகலாமாம்.

பிழைத்து வந்தவளிடம் சொந்தக்காரர் ஒருவர், "ஸ்டீராய்டு விஷம்மா, தூக்கிப் போடு" என்றார். "தூக்கிப் போட்டுத்தான் சாகக் கிடந்தா. வாய மூடிக்கிட்டுப் போங்க" என்று கத்தினேன். இன்றுவரை அவர் என்னோடு பேசுவதில்லை. நல்லது.

டாக்டரம்மா சொன்னபடி அந்த மாத்திரையை மாசக்கணக்காகக் குறைத்துக்கொண்டு வருகிறாள். மூட்டுக்கு இப்போது வேறு மருந்து. பழைய வேகம் கைக்குத் திரும்பவில்லை. பந்தலில் கத்தரிச் சத்தம் மெதுவாகத்தான் கேட்கிறது.

இந்த வருஷமும் காப்புக் கட்டினாள். கோயில் வாசலில் கூழைக் குடித்துவிட்டு, பர்ஸிலிருந்து மாத்திரையை எடுத்து வாயில் போட்டாள்.

"காப்போடயா?" என்று பக்கத்தில் நின்றவள் வாயைப் பிளந்தாள்.

"ஆத்தாகிட்டக் கேட்டேன். போட்டுக்கிட்டு வான்னுட்டா."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏலே, தூங்குறியா? சட்டிய எடுத்துக் குடு."