வலது கண்ணுக்கான அட்டவணை

அப்பாவுக்கு மிச்சமிருந்தது வலது கண் மட்டும். இடது கண்ணைக் கண் அழுத்த நோய் முன்பே தின்றுவிட்டது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். இப்போது வலது கண்ணில் அதே நோயோடு புரையும் சேர்ந்துகொண்டது. இரண்டுக்கும் ஒரே தடவையில் அறுவை சிகிச்சை செய்துவிடலாம், அதில் இரண்டு வழி உண்டு என்றார் மதுரைக் கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மா.

அருப்புக்கோட்டைக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே கைப்பேசியில் அட்டவணை போட ஆரம்பித்தேன். பயம் வந்தால் எனக்குக் கட்டம் போடத்தான் தெரியும். முதல் வழி, புரையை எடுத்து லென்ஸ் வைக்கும்போதே கண்ணின் வெள்ளைப் பகுதியில் நீர் வடிய ஒரு சிறு வாசல் திறப்பது. அழுத்தம் நன்றாக இறங்கும். அளவுக்கு மீறியும் இறங்கிவிடலாம். அந்த வழியாகக் கிருமி போகும் ஆபத்து ஆயுளுக்கும் உண்டு. இரண்டாவது, புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள்ளேயே மிகச் சிறிய குழாய் ஒன்றைப் பொருத்துவது. ஆபத்து குறைவு, சீக்கிரம் ஆறும். அழுத்தம் கொஞ்சம்தான் இறங்கும்.

அப்பாவுக்குத் திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம் போடுகிற வேலை. சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, தீ வைத்துவிட்டு நாள் முழுக்கப் புகையிலும் தூசியிலும் நிற்பவர். கிருமி என்ற கட்டத்துக்கு வரும்போதெல்லாம் அந்தத் தூசிதான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு பரிசோதனையிலும் அழுத்தம் கட்டுக்குள் இருந்ததால், சிறு குழாயே போதும் என்று டாக்டரம்மா தேதி குறித்தார்.

அதற்குப் பத்து நாள் இருக்கும்போது, எடுத்துப்போக வேண்டியவற்றைப் பட்டியல் போட்டேன். அழுத்தம் ஏறாமல் இருக்க அப்பா தினமும் விட வேண்டிய சொட்டு மருந்துப் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திறந்த தேதியை அதன்மேல் நானே எழுதியிருந்தேன். மூன்று வாரமாகியும் மருந்து முக்கால்வாசி அப்படியே இருந்தது.

அப்பா மறைக்கவில்லை. விட்டால் எரிகிறது, கண் மங்கிவிடுகிறது, மூட்டத்தில் எங்கே புகை கசிகிறது என்று பார்க்க முடியவில்லை என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி இருந்து தவறாம விட்டுருவேன் தாயி. டாக்டரம்மாகிட்ட பேரு கெட்டுறக் கூடாதுல்ல."

அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள்: "கலெக்டர் வாராருன்னா ரோட்டோரம் வெள்ளையடிப்பாகல்ல, இவுக கதையும் அதேதான்."

அப்பா மட்டும் சிரித்தார். நான் மில்லில் நூல் பரிசோதனைக் கூடத்தில் இருப்பவள். நல்ல நூல் கோன்களாகப் பொறுக்கி அனுப்பினால் சோதனை பொய் சொல்லும் என்று தினமும் பார்ப்பவள். என் அட்டவணை முழுதும் அப்படியொரு பொய்யின்மேல் நின்றிருந்தது.

மறுநாளே கூட்டிப்போனேன். மருந்தில்லாத அழுத்தத்தை டாக்டரம்மா இரண்டு முறை அளந்தார். வாசல் திறக்கும் வழிதான் என்றார். மூட்ட வேலை இனி வேண்டாம் என்றும் சொன்னார். சம்மதத் தாளில் கையெழுத்துப் போடும்போது ஒப்பிட எதுவும் மிச்சமில்லை. ஆபத்துகளின் கட்டம் மட்டும் மனப்பாடமாக ஓடியது.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த பின் மருந்து விடுவது என் பொறுப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. கை கழுவ வேண்டும், கீழிமையை இழுக்க வேண்டும், ஒரு சொட்டு, பிறகு அட்டவணையில் ஒரு டிக். முதல் நாள் புட்டியை அந்தக் கண்ணுக்கு நேரே பிடித்தபடி நின்றேன். கண் சிவந்து கிடந்தது. ஏதாவது தெரிகிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"கை ஆடுது தாயி," என்றார் அப்பா. "பைய விடு."