கால் பார்த்துச் செய்த ஸ்பீக்கர்

நான் வேலை பார்த்த ஸ்பீக்கர் தொழிற்சாலையில் என் அக்கா புருஷனுக்குப் பெயர் 'காது'. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலருக்கே ஆள் தெரியாது. நான் பெட்டி அறுக்கும் பிரிவு. அவர் கடைசி அறையில், நான்கு சுவரிலும் பஞ்சு ஒட்டிய அறையில் உட்கார்ந்து, புது மாடல்களைக் கேட்டுப் பார்த்து, 'போகலாம்' என்றோ 'போகக் கூடாது' என்றோ சொல்வார். உட்கார்ந்தே சம்பளம் வாங்கும் மனிதர் என்று நான் வீட்டில் கிண்டல் செய்வதுண்டு. "நீ நின்னுகிட்டு என்ன கிழிச்சே?" என்பாள் அக்கா.

மாமா கும்பிட்டது நேர்கோட்டை மட்டும்தான். ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கை நிறுத்தி, அடிக்குரலிலிருந்து கீச்சுக்குரல் வரை எல்லா ஒலியையும் ஓடவிட்டால் கணினித் திரையில் ஒரு கோடு விழும். உள்ளே போனது கூடாமல் குறையாமல் வெளியே வந்தால் கோடு நேராக இருக்கும். அவர் செய்த ஒரு மாடலின் கோடு, அதை வைத்து அலமாரி அடிக்கலாம் போல அவ்வளவு நேராக இருந்தது. கடைக்குப் போன வேகத்தில் அது திரும்பி வந்தது. வாங்கியவர்கள் யாருக்கும் ஒரு குறையும் சொல்லத் தெரியவில்லை. எல்லாம் தெளிவாகக் கேட்கிறது, ஆனால் இரண்டு பாட்டுக்கு மேல் கேட்கத் தோன்றவில்லை என்றார்கள். பாட்டுக் கேட்பது போல இல்லை, சாட்சி சொல்வதைக் கேட்பது போல இருக்கிறது என்றார் ஒருவர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மாமா, வாங்கியவர்களின் கூடம் கோணல் என்றார்.

முதலாளியம்மா சத்தம் போடுகிறவர் அல்ல. அதனாலேயே எங்களுக்குப் பயம். கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்க இயந்திரமே போதும், அதற்கு மேல் ஒரு காது எதற்கு என்று கேட்டார். அடுத்த மாடலும் திரும்பி வந்தால் பஞ்சு அறையைப் பூட்டிவிடுவதாகவும், மாமா பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டி ஒட்டலாம் என்றும் சொல்லி அனுப்பினார். மாமாவுக்கு அந்த அறையை விட்டால் வேறு உலகம் கிடையாது.

இந்த நேரம் பார்த்துத்தான் ஃபிரிட்ஜ் அவரைக் காட்டிக் கொடுத்தது. நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஃபிரிட்ஜ் கதவு திறந்திருந்தால் கீ கீ என்று கத்துமே, அது கத்திக்கொண்டிருந்தது. மாமா அதன் மேலேயே சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் போய்க் கதவைச் சாத்தினேன். எதற்குச் சாத்தினாய் என்றார். கத்துகிறதே என்றேன். அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

காதும் காதும் வைத்தாற்போல டாக்டரிடம் கூட்டிப் போனேன். கீச்சென்ற மேல் ஒலிகள் எல்லாம் போய்விட்டன, இனி வராது என்றார் டாக்டர். காதில் மாட்டும் கருவி ஒன்றும் காட்டினார். 'காது' என்று பெயர் வைத்திருக்கிறவன் அதை மாட்டிக்கொண்டு எப்படி உள்ளே நுழைவது என்று மாமா வேண்டாமென்றுவிட்டார். அக்காவிடம் சொல்லக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கினார்.

அதன் பிறகு அவர் ஸ்பீக்கரைக் கேட்பதை விட்டுவிட்டு, கேட்கிறவர்களைப் பார்க்க ஆரம்பித்தார். டிரைவர், கணக்கர், காவலர் என்று கிடைத்தவர்களைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைப்பார். பின்னால் கண்ணை மூடியது போல உட்கார்ந்து அவர்கள் கால்களைப் பார்ப்பார். கால் தாளம் போட்டால் பெட்டி நன்றாக இருக்கிறது. போனை எடுத்தால் நன்றாக இல்லை. கணக்கரின் கால் எதற்கும் அசையாது. அவர் கல்யாணத்திலேயே அசையவில்லை என்று கேள்வி. அவரைக் கழித்துவிட்டார்.

கால் கால் என்று அலைந்ததில் கோடு வளைந்துபோனது. குரல் வரும் இடத்தில் சின்ன மேடு தட்டியது. என்னைப் பெட்டியின் பலகையைக் கொஞ்சம் மெலிதாக அறுக்கச் சொன்னார். முன்பெல்லாம் நான் இப்படிச் சொல்லியிருந்தால் என்னை வீட்டு வாசலிலேயே சேர்த்திருக்க மாட்டார். ஆனால் டிரைவர் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்திருந்தார். காவலரின் பூட்ஸ் தரையை இடித்தது.

முதலாளியம்மாவிடம் கொடுக்குமுன் மாமா பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனார். அக்காவின் கால்தான் கடைசிப் பரீட்சை. அக்காவால் சும்மா உட்கார்ந்து பாட்டுக் கேட்க முடியாது. துவைத்த துணியைக் குவித்துக்கொண்டு மடிப்பாள், கால் தானாகத் தாளம் போடும். மெதுவான பாட்டு ஒன்றை வைத்தார். ஒரு பெண் தனியாகப் பாடுவது. கால் தாளம் போட்டது. பிறகு நின்றது. கையும் நின்றது. மாமாவின் சட்டை ஒன்றை அந்தரத்தில் பிடித்தபடியே பாட்டு முடியும்வரை இருந்தாள்.

மாமாவின் முகம் செத்துவிட்டது. அன்றைக்கே பெட்டியைக் கழற்றினார். மேலே இருக்கும், கீச்சு ஒலி தரும் சின்ன ஸ்பீக்கரை அடக்கினார், கீழே இருக்கும் பெரியதைத் தட்டி எழுப்பினார். மறுநாள் சாயங்காலம் அதே பாட்டைப் போட்டார். அக்காவின் கால் விடாமல் ஆடியது. துணிக்குவியல் தீர்ந்தது. மாமா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். காலையில் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகத் தயாராகப் பெட்டியை வாசலருகே நகர்த்தினேன்.

"இதுவா போகுது?" என்றாள் அக்கா. "நேத்து இருந்தது எங்க?"

அது தேறவில்லை, அதனால் மாற்றிவிட்டேன் என்றார் மாமா.

"யாரு தேறலைன்னு சொன்னது?"

"நீதான். உன் கால் நின்னுபோச்சே."

"எனக்குக் கால் இருக்கறதே மறந்துபோச்சுங்க," என்றாள் அக்கா. "அந்தப் பொண்ணு பாடறதுக்கு முன்னாடி மூச்சு இழுத்தா. யாரோ பக்கத்துல உக்காந்து, சொல்ல முடியாத எதையோ சொல்ல வர்ற மாதிரி இருந்துச்சு. அப்புறம் எப்படித் துணி மடிக்கிறது? இன்னைக்கு அந்த மூச்சே இல்ல. நல்லாத்தான் இருக்கு, வேலை பார்த்துக்கிட்டே கேக்கலாம்."

மாமா மூச்சு வந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்தார். பிறகு நிமிர்ந்து, "எனக்கு அது கேக்காது," என்றார்.

"தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சத்தியமாகச் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன்.

"ஃபிரிட்ஜ் கத்தும், நீங்க பக்கத்துலயே பேப்பர் படிச்சுக்கிட்டிருப்பீங்க," என்றாள் அக்கா. "ரெண்டு வருஷமா நான்தான் சாத்தறேன். நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன்."

மாமா ஸ்குரூ டிரைவரை எடுத்தார். நான் பெட்டியைத் திரும்ப உள்ளே இழுக்கும் சாக்கில் குனிந்துகொண்டேன்.

அக்கா பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். அவர் சின்ன ஸ்பீக்கரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டார். காலைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்தார். இன்னும், இன்னும் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே நிறுத்தினார்.

காலையில் பஞ்சு அறையில் முதலாளியம்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது அவருடைய போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. பாட்டு முடிந்ததும், கோடு நேராக இருக்கிறதா என்றார். இல்லை என்றார் மாமா. அதோடு விடாமல், எனக்கு மேல் ஒலிகள் கேட்பதில்லை, இதைக் கேட்டது என் மனைவி என்றும் சொல்லிவிட்டார். கதவருகே நின்ற எனக்கு மாமாவின் வாயைப் பொத்தலாம் போல இருந்தது. முதலாளியம்மா யோசித்துவிட்டு, "அப்ப அவங்களும் வரட்டும்," என்றார்.

அக்கா இப்போது பஞ்சு அறைக்கு வருகிறாள், கூடை நிறையத் துணியோடு. அந்த மாடல் திரும்பி வரவில்லை. எந்தப் புது மாடல் வந்தாலும் முதலில் அதே பாட்டுத்தான். பெண் மூச்சிழுக்கும் இடத்தில் அக்கா துணியை விட்டுவிட்டு மாமாவின் மணிக்கட்டை லேசாக அழுத்துவாள். அவர் கண்ணை மூடியபடி, கேட்டுவிட்டது போலத் தலையசைப்பார்.