ஏழாவது ரீலின் முதல் நான்கு நிமிஷம்

படம் ஒன்றுதான், ரீல் பெட்டியும் ஒன்றுதான். ஆனால் ஒரே நாளில் ஒரே மேட்னி இரண்டு கொட்டகையில் ஓடும். எப்படி என்று கேட்டால் என்னைத்தான் காட்ட வேண்டும். பெங்களூர் தண்டில், அதாவது கண்டோன்மெண்டில், பெரிய தியேட்டரில் இரண்டரைக்குப் படம் தொடங்கும். ஒன்றரை மைல் தள்ளி, எங்கள் பக்கத்துத் தகரக் கொட்டகையில் மூன்றேகாலுக்கு. அங்கே ஓடி முடித்த ரீல்களை இரண்டிரண்டாக டப்பாவில் போட்டு, கித்தான் பையில் திணித்து, சைக்கிளில் கட்டி நான் மிதிக்க வேண்டும். தகரக் கொட்டகையில் இருப்பு ரீல் தீருவதற்குள் போய்ச் சேர்ந்தால் என்னை யாருக்கும் தெரியாது. ஒரு நிமிஷம் தாமதமானால் ஐந்நூறு பேரும் என் அம்மாவை விசாரிப்பார்கள்.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இருபது வயது. பள்ளிக்கூடத்தில் எட்டாவது வகுப்பை இரண்டு முறை பார்த்தேன். மூன்றாம் முறை பார்க்க வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். ஒரு இடத்தில் உட்கார முடியாதவனுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

ஒரே கஷ்டம், எந்தப் படத்தையும் நான் முழுதாகப் பார்த்ததில்லை. ரீல் சுற்றி முடியும்வரை வாசல் திரைச்சீலை ஓரம் நின்று பார்க்கிற துண்டுகள்தான். அந்தத் துண்டுகளில் ஹீரோ இருந்தால் இருப்பார். பெரும்பாலும் இருக்க மாட்டார். தந்தி கொண்டுவருகிறவர் இருப்பார். வாசல் பெருக்குகிறவள், கதாநாயகிக்கு மருந்து கலக்குகிற கம்பவுண்டர், கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிற டவாலி, இவர்கள் இருப்பார்கள். போகப்போக இவர்கள்தான் எனக்கு நட்சத்திரம். ஒரு கம்பவுண்டர் மருந்துப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரு சொட்டு கூடிவிட்டதோ என்று உதட்டைக் கடிப்பார். அந்த ஒரு சொட்டுக்காக நான் பதினோரு நாள் அந்த வாசலில் நின்றேன். ஹீரோவுக்கு ஊரே இருக்கிறது. கம்பவுண்டருக்கு நான் ஒருவனாவது வேண்டாமா?

அப்படி வந்ததுதான் அந்தப் படம். ஐந்தும் ஆறும் முடிந்து என் பைக்குள் வந்துவிடும். நான் கிளம்ப வேண்டும். ஆனால் உள்ளே ஏழாவது ரீல் தொடங்கும். பாட்டு இல்லை, ஹீரோ இல்லை. ஒரு சமையலறை. ஆஸ்பத்திரியில் அம்மா செத்துப்போனது தெரியாத ஒரு சின்னப் பையன், தொப்பியும் அரை டிராயருமாக, தட்டில் சோறு வாங்கி அம்மாவுக்கு எடுத்து வைக்கிறான். தட்டின் விளிம்பைச் சட்டை நுனியால் துடைக்கிறான். இடது கையால் இன்னொரு தட்டை எடுத்து மூடுகிறான். சமையல்காரரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீ தின்னுடாதே, நான் பாத்துக்கிட்டே இருப்பேன்" என்று அதட்டிவிட்டுத் தட்டுக்கு முன்னால் காவல் உட்காருகிறான். நான்கு நிமிஷம். கொட்டகை முழுக்க இருமல்கூட இருக்காது.

வெள்ளிக்கிழமை முதல் ஆட்டத்தில் தற்செயலாகப் பார்த்தேன். அதற்கப்புறம் தற்செயல் இல்லை. பையில் ஐந்தும் ஆறும் கனக்க, ஒரு காட்சி விடாமல் நின்று பார்த்துவிட்டுத்தான் மிதித்தேன். நான்கு நிமிஷத்தை ரோட்டில் பிடித்துவிடலாம் என்பது என் கணக்கு. ரோட்டுக்கு வேறு கணக்கு.

இனி எங்கள் சந்து. எதிர் வரிசையில் ஒரு அக்கா இருந்தாள். கோலார் தங்கவயலில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்தவள். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, பெரும்பாலும் ராத்திரி டியூட்டி. அவளுக்கு எட்டு வயதில் ஒரு பெண். போன கோடை லீவில் அக்காவின் தம்பி அந்தக் குட்டியை மெட்ராஸுக்கு அழைத்துப்போனான். அவன் ஸ்டுடியோவில் லைட் தூக்குகிறவன், வாயைத் திறந்தால் அளப்பு. பதினைந்து நாள் கழித்து, முடி ஒட்ட வெட்டின தலையோடு குட்டி திரும்பி வந்து, "நான் படத்துல நடிச்சேன்" என்றாள். "இன்னா வேஷம்?" என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வாள். வெட்டின தலையைப் பாவாடையால் மூடிக்கொண்டு ஓடுவாள். அதனால் பொய் என்று சந்து முடிவு செய்தது. பேன் பிடித்துத் தலையை வெட்டினார்கள் என்றும் முடிவு செய்தது.

சந்துக்குத் தலைமை தாங்கியது நான்தான். தினம் அவள் வீட்டைத் தாண்டும்போது பெல்லை அடித்து, "ஸ்டாரம்மா, உங்க மோட்டார் பஞ்சராம், என் சைக்கிள்ல ஏறிக்கிறீங்களா?" என்பேன். அழுதுகொண்டே கல் எறிவாள். குறி தப்பாது.

அந்தப் படத்தின் பெயரைத்தான் குட்டி சொல்லிக்கொண்டிருந்தாள். படம் வந்ததும் சந்தே தகரக் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தது. முதலில் போனது அவர்கள் பக்கத்து வீட்டு அத்தை. குட்டி எதைச் செய்தாலும் குறை சொல்லுவதற்கென்றே பிறந்த அத்தை.

ஞாயிற்றுக்கிழமை காலை குழாயடியில் அத்தை தீர்ப்பு சொன்னாள். "கண்ணுல வெளக்கெண்ண ஊத்திகினு பாத்தேன். அம்மாம் பெரிய படத்துல ஒரு பொம்பளப் புள்ள கெடையாது. இன்னாத்துக்குடி இந்தப் பொய்யி?"

டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்த அக்காவுக்கு முகம் கறுத்துவிட்டது. "இன்னிக்கி நானே மேட்னி பாக்கறேன்" என்றாள். "என் தம்பி புளுகன். அது எனக்குத் தெரியும். புள்ளையும் அப்டியே ஆவுதுன்னா ஸ்கூலும் வாணாம், ஒண்ணும் வாணாம். தங்கவயல்ல அதோட சொந்த அத்த வூட்டுக்கு அனுப்பிட்றேன். சாணி தட்டினு கெடக்கட்டும்."

குட்டி வீட்டுக்குள் போய் அம்மாவுக்குக் களி கொண்டுவந்தாள். நான் சும்மா இருப்பேனா? "ஸ்டாரம்மா கையால எனக்கு ஒரு உருண்ட" என்று கையை நீட்டினேன். அவள் கிண்ணத்தின் விளிம்பைப் பாவாடை நுனியால் துடைத்து, இடது கையால் தட்டை எடுத்து மூடி, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீ துன்னுடாத, நான் பாத்துகினே இருப்பேன்" என்றாள்.

"பீச்சாங்கைய எடுடி சோத்து மேலருந்து!" என்று அத்தை கத்தினாள்.

எனக்கு அத்தையின் குரல் கேட்கவில்லை. இரண்டு நாளாகத் திரைச்சீலை ஓரம் நின்று நான் உருகின பையன் எதிரில் பாவாடை கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"அக்கா! இவதான் அந்தப் பையன்! தட்டு சீன்ல! ஏழாவது ரீல்ல!"

"இன்னா தட்டு?" என்றாள் அத்தை. "தட்டும் வர்ல, பையனும் வர்ல. பேசாம போடா. புள்ளைய அழவெக்கறதே உனக்குப் பொழப்பு."

"சத்தியமா அத்த!"

"நீ சத்தியம் பண்ணா இருக்கறதும் இல்லாம பூடும்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு வருஷமாக அடித்த பெல் அத்தனையும் இருந்தது. நான் சொன்னதை அந்தச் சந்தில் நாய்கூட நம்பாது. ஆனால் தட்டு வரவில்லை என்று அத்தை ஏன் சொல்கிறாள்? தகரக் கொட்டகைக்கு மிதித்தேன்.

ஆபரேட்டர் பாய் புரொஜெக்டர் விளக்குக்குக் கார்பன் குச்சி சீவிக்கொண்டிருந்தார். "பாய், ஏழாவது ரீல்ல சமையக்கட்டு சீன் ஓடுதா இல்லியா?"

"நஹி. ரீல் தலையில நாலு நிமிசம் கையால சுத்தித் தள்ளிட்டு ஓட்றேன். மேனேஜர் ஆர்டர்."

"ஏன் பாய்?"

"ஏனா? அரே, உன்னத்தான் கேக்கணும். அஞ்சாவது ஆறாவது டப்பா தெனம் லேட்டு. வெள்ளத் துணிய பாத்துகினு ஜனம் பெஞ்சி ஒடைக்குது. போன டைம எங்கியாச்சும் புடிக்கணுமில்ல? பாட்ட தள்ளினா அடிப்பான், பைட்டுன்னா கொளுத்துவான். ஹீரோ இல்லாத எடம் அது ஒண்ணுதான்."

அந்த நான்கு நிமிஷத்தைப் பார்க்க நான் நின்றேன். நான் நின்ற நான்கு நிமிஷத்துக்காக அதையே தள்ளிவிட்டார்கள். இப்படி ஒரு ரசிகன் கிடைத்தால் எந்த நடிகர் உருப்படுவார்?

"இன்னிக்கி டைமுக்கு வந்தா?"

"வந்தா நான் ஏன் தள்றேன்? பில்ம் என்ன கடிக்குதா? ஒரு நிமிசம் லேட்டுன்னாலும் தள்ளுவேன். அப்புறம் அழக்கூடாது."

மேட்னியில் ஆறாவது ரீல் முடிந்து பை என் தோளுக்கு வந்தபோது, உள்ளே அந்தச் சமையலறை அமைதி தொடங்கிவிட்டது. கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. காலைத் திட்டிக்கொண்டே சைக்கிளில் ஏறினேன். பரேடு மைதானத்தைச் சுற்றி, ஒரு ஜட்கா குதிரைக்கும் ஒரு மிலிட்டரி லாரிக்கும் நடுவில் புகுந்து போனால் ரயில்வே கேட் மூடியிருந்தது. எப்போதும் அங்கே நின்று கேட்டுக்காரரை வம்பிழுப்பேன். அன்றைக்குச் சைக்கிளைப் படுக்கவைத்துக் கட்டைக்கு அடியில் தள்ளி, பையை மார்பில் அணைத்துக்கொண்டு குனிந்து ஓடினேன். "ஏய், தலெ கெட்டிதெயா நினகெ?" என்று, பைத்தியமா உனக்கு என, அவர் கன்னடத்தில் கத்துவதும் கூட்ஸ் வண்டி ஊதுவதும் ஒன்றாகக் கேட்டன.

நான் போய்ச் சேர்ந்தபோது நான்காவது ரீல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் கடிகாரத்தோடு நின்றிருந்த மேனேஜருக்குத் திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "நெஜமாவே நீதானாடா?" என்றார். திரும்ப ஓட்டம். ஏழு, எட்டு. திரும்ப ஓட்டம். கேட் திறந்திருந்தது. கேட்டுக்காரர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அதற்கும் தப்பி வந்து டப்பாவைப் பாய் கையில் கொடுத்தேன். அவர் ஏழாவது ரீலை நுனியிலிருந்து மாட்டினார். தள்ளவில்லை.

உடனே நான் ஒன்பது, பத்துக்குக் கிளம்பியிருக்க வேண்டும். பெண்கள் பக்கத்து வாசலுக்குப் போனேன்.

பெஞ்சில் அக்கா, மடியோடு ஒட்டிக் குட்டி, அந்தப் பக்கம் அத்தை. திரை எனக்கு மனப்பாடம். நான் இவர்களைப் பார்த்தேன். சமையலறை வந்தது. பையன் வந்தான். அக்கா கழுத்தை நீட்டி, எங்கேயாவது ஒரு பெண் குழந்தை இருக்கிறதா என்று திரையின் மூலைமூலையாகத் தேடினாள்.

"நீ எங்கடி?"

"அதான் நானு" என்று குட்டி முனகினாள்.

"அது பையன்டி!"

"தலைய வெட்டி டவுசர் மாட்டி வுட்டாங்கம்மா. சொன்னா எல்லாம் சிரிப்பாங்க."

அக்கா நம்பவில்லை. அவள் முகம் இன்னும் இறுகியது. அளக்கத் தெரிந்த குழந்தை இதையும் அளக்காதா? நான் வாயைத் திறக்கப் போனேன். நான் திறந்தால் காரியம் கெடும் என்று நினைவு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலை செய்ததில்லை.

திரையில் பையன் இடது கையால் தட்டை எடுத்துச் சோற்றை மூடினான்.

"அடியே!" என்று அத்தை எழுந்து நின்றுவிட்டாள். "பீச்சாங்கை! அவளேதான்! எத்தினி தடவ சொல்லிருக்கேன் சோத்து மேல பீச்சாங்கை வெக்காதன்னு! மெட்ராஸ் வரைக்கும் போயி அதையே பண்ணி வெச்சிருக்கா பாரு!"

"குந்து, குந்து!" என்று பின்னாலிருந்து நூறு குரல். அத்தை உட்காரவில்லை. திரையின் பாதியை மறைத்துக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, குறை சொல்லிக்கொண்டே அழுதாள். அக்கா திரையில் குழந்தை காவல் உட்கார்ந்திருந்ததைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த தலையை இழுத்து முட்டிக்கொண்டு, "எவளுக்குடி சோறு எடுத்து வெக்கற? ஆங்? நான் ஒருத்தி இங்க கல்லாட்டம் இருக்கச்சொல்ல எவளுக்குடி எடுத்து வெக்கற?" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

ஒன்பதாவது ரீல் அன்றைக்குப் பதினைந்து நிமிஷம் தாமதம். இரண்டு பெஞ்சு உடைந்தது. மேனேஜர் என் கையிலிருந்து டப்பாவை வாங்கிப் பாயிடம் கொடுத்தார். கித்தான் பையையும் வாங்கிக்கொண்டார். "நாளைலருந்து வராத" என்றார். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் சந்துக்குள்ளேயே நாலு முறை சுற்றினேன். ஐந்தாவது சுற்றில் குட்டி வழிமறித்தாள். காலையிலிருந்து சந்துப் பெண்கள் ஆளுக்கொரு தடவை அவளைத் தட்டை மூடிக்காட்டச் சொல்லியிருந்தார்கள். சலித்துப்போயிருந்தாள்.

"அண்ணா, நீ அந்த சீன் எத்தினி தடவ பாத்த?"

"எண்ணல."

"பின்னால அந்த சமையக்காரத் தாத்தா இன்னா பண்ணாரு? படம் எடுக்கச்சொல்ல தட்ட மட்டும் பாருன்னாங்க. நான் திரும்பியே பாக்கல. நேத்து பாக்கலாம்னா அத்த நின்னுகினு மறச்சிட்டாங்க."

"தாத்தா ஒரு விசிறி எடுத்தாரு. உன் பின்னால குந்தி அந்தத் தட்டுக்கு வீசிகினே இருந்தாரு."

"ஈ மொய்ச்சிதா?"

"ஈயே இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு?"

அதை எப்படிச் சொல்வது? அவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கண்ணீர் இல்லை. இல்லாத ஈயை, வராதவளுடைய சோற்றிலிருந்து விரட்டிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். "இரு, காட்றேன்" என்று சுவரோரம் குந்தி, கிடந்த அட்டையை எடுத்து வீசினேன்.

"இம்மாம் வேகமாவா வீசினாரு?"

"இல்ல. மெதுவா."

"அப்ப மெதுவா வீசு."

இன்னொரு முறை வீசினேன். அவள் தலையை ஆட்டி, இல்லை என்றாள். இன்னொரு முறை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மெதுவாக எனக்கு வரவேயில்லை.